எட்டுக் கட்டம்

ஒரே வீட்டில் இரண்டு கணக்கு வாத்தியார்கள் இருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதும் உலகத்தில் நடக்காததல்ல. ஆனால் மூத்தவர் பெற்ற பிள்ளை இளையவரிடம் போய்க் கணக்குக் கற்றுக்கொண்டால், அந்த மூத்தவருக்குத் தொண்டையில் சோறு இறங்காது. பெரிய சாருக்கு ஒரு வருடமாக இறங்கவில்லை.

பெரிய சாருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருட சர்வீஸ். அதில் பத்தொன்பது வருடமாகப் பத்தாம் வகுப்புக் கணக்கு அவருடையது. பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவும் அவருக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் 'அ' பிரிவு அவருக்கு, 'ஆ' பிரிவு சின்ன சாருக்கு. சின்ன சார் அவருக்குப் பதினான்கு வயது இளைய தம்பி. அப்பா போனபோது மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு நின்ற பையனைத் தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, பள்ளிக்கூடத்தில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் அண்ணன்தான். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடி அறையில் இருக்கிறார். சாப்பாடு கீழே. அண்ணி கையால் மூன்று வேளை.

அண்ணி பள்ளிச் சீருடை தைக்கிறவர். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின். அவர் பேசுவதில் பாதி அந்த மெஷின் சத்தத்துக்கு மேலே பேசுவது என்பதால் மெதுவாகப் பேச அவருக்கு வராது.

மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் மாகாணி. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "என்ன இது, முழுசுல பதினாறுல ஒரு பங்குதான் இருக்கு. மாகாணி" என்று அப்பா சொன்னார். அது ஒட்டிக்கொண்டது. அப்பாவைவிட இரண்டு விரற்கடை உயரமாக வளர்ந்த பிறகும் மாகாணிதான்.

போன வருடம் தலைமையாசிரியை ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தார். ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் எந்தப் பிரிவு வேண்டும் என்று தாங்களே எழுதிக் கொடுக்கலாம். மாகாணி 'ஆ' என்று எழுதிக் கொடுத்தாள். பெரிய சார் அந்தச் சீட்டைப் பார்த்தார். மடித்து வைத்தார். ஏன் என்று மகளைக் கேட்கவில்லை. கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. ஆனால் தம்பியிடம் சாம்பார் கரண்டியைக் கூட நேராக நீட்டுவதை அன்றோடு நிறுத்திவிட்டார். மேசை மேல் வைப்பார், தம்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

"ஒரு வருஷம்தானே. அடுத்த வருஷம் பத்தாவது. எங்கே போனாலும் என்கிட்டத்தான் வந்தாகணும்" என்று மனைவியிடம் ஒரு நாள் சொன்னார்.

"பெத்த பொண்ணு, கடன்காரியா? வந்தாகணுமாமே" என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

அந்த ஒரு வருடத்தைத்தான் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். முடியப் போகிற நேரத்தில் கமிட்டி வந்தது.

தேர்வு முடிவு சரியில்லை என்று தலைமையாசிரியை கூட்டம் போட்டபோது, ஆசிரியர்கள் பிள்ளைகளைக் குறை சொன்னார்கள், பெற்றோர் ஆசிரியர்களைக் குறை சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்களுக்கு எங்கே புரியாமப் போகுதுன்னு இதுவரைக்கும் யாரும் எங்களைக் கேட்டதில்ல மேடம்" என்றாள். சட்டம் பேசுவதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். தலைமையாசிரியை அவளையே தலைவியாக வைத்து, ஒன்பது பிள்ளைகள் கொண்ட மாணவர் கமிட்டி ஒன்றை அமைத்துவிட்டார். எழுத்து வேலைக்கு மாகாணி.

கமிட்டி யோசித்து ஒரு தாள் தயாரித்தது. அதில் நாற்பது கட்டம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். நிமிடத்துக்கு ஒரு கட்டம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, புரிகிற நிமிடத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். புரியாத நிமிடத்தை வெள்ளையாக விட வேண்டும். ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது, கையெழுத்து தெரிந்துவிடும். ஒரு வாரம், எல்லாக் கணக்கு வகுப்பிலும். வெள்ளிக்கிழமை அந்தந்த வாத்தியார் வகுப்புத் தாள்கள் அந்தந்த வாத்தியார் கையில் உறை போட்டு வரும். திங்கட்கிழமை கூட்டம். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கை யார் எடுப்பது என்பதற்குக் கமிட்டி ஒரு பெயர் சொல்லும்; தலைமையாசிரியை முடிவு செய்வார்.

பத்தாம் வகுப்பு கை விட்டுப் போனால் மகள் தன் வகுப்பில் உட்காரப் போவதே இல்லை. இது பெரிய சாருக்குக் கணக்குப் போடாமலே தெரிந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "கமிட்டி விஷயம் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. யார் தாள்ல என்ன இருக்குன்னு கூட்டம் முடியறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அண்ணன் தம்பி வேலை பார்க்கிற இடம். நாளைக்கு எவனாவது, பொண்ணு வழியா ரகசியம் வாங்கினாங்கன்னு சொன்னா குடும்பத்துக்கே அசிங்கம். என்ன?"

"சரிப்பா" என்றாள் மாகாணி. "வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் இருக்கறதால நான் பேர் சொல்றதுலயும் கலந்துக்கல. தாளை எண்ணி அடுக்கறதோட சரி."

தம்பி தலையை ஆட்டினார். தம்பி மாடிக்குப் போனபின் மகள் தன் பக்கம் குனிந்து, உங்க தாள் சரியில்லப்பா என்று மெதுவாகச் சொல்லிவிடுவாளோ என்கிற பயத்தில்தான் அண்ணன் இந்தச் சத்தியத்தை வாங்கினார் என்பதை அண்ணி மட்டும் புரிந்துகொண்டு மெஷினை ஓட்டப் போனார்.

புதன்கிழமை நல்ல வெயில். மழை வருவதுபோல நான்கு நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. காற்று நின்றுபோய், வகுப்பறையில் மின்விசிறி சூட்டையே கிளறிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஒன்பது 'அ'. உருளையின் கனஅளவு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நாற்பது கட்டத்தை மேசையில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. தன் முகத்துக்கு நேரே முப்பத்தெட்டுப் பேர் பென்சில் பிடித்துக்கொண்டிருப்பது, அளவெடுக்க நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னார். வழக்கத்தைவிட அழகாகப் படம் போட்டார். மரக் காம்பஸில் சாக்பீஸ் செருகி அவர் வட்டம் போட்டால் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியாது. அந்தக் காம்பஸ் அவருடைய சொந்தச் சொத்து.

அப்போது எதிர்க் கட்டடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது 'ஆ'. மொத்த வகுப்பும் சிரித்தது. அதில் ஒரு சிரிப்பு அவருக்குத் தனியாகக் கேட்டது. வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

"சாக்பீஸ் எடுத்துட்டு வர்றேன். சத்தம் வரக் கூடாது" என்றார். பெட்டியில் முழு சாக்பீஸ் நான்கு இருந்ததை முன் பெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள்.

தாழ்வாரத்தைக் கடந்து எதிர்க் கட்டடத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து 'ஆ' பிரிவின் கரும்பலகை தெரியும். பலகையில் மாகாணி நின்றுகொண்டிருந்தாள். தம்பி பலகைப் பக்கமே இல்லை. கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

மாகாணி கையில் சாக்பீஸோடு நின்று, "தெரியல சார்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க விட்டுச்சு?" என்று கேட்டார் தம்பி.

"ஆரம் வரைக்கும் தெரியுது. அதை ஏன் ரெண்டு தடவை பெருக்கணும்னுதான் தெரியல."

"யாருக்கெல்லாம் அதே இடத்துல விட்டுச்சு?"

பத்துப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. தம்பியும் கையைத் தூக்கினார். அதற்குத்தான் மறுபடி சிரிப்பு.

தெரியவில்லை என்று தன் மகள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. தெரியாது என்பதை இவ்வளவு சந்தோஷமாக, ஒரு பரிசை வாங்குகிறவளைப் போல அவள் சொல்லுவாள் என்பதும் தெரியாது. எவ்வளவு நேரம் நின்றார் என்று அவரைக் கேட்டிருந்தால், ஒரு நிமிடம் என்றுதான் சத்தியம் செய்திருப்பார்.

திரும்பி வந்தபோது அவர் வகுப்பு அமைதியாக இருந்தது. எல்லோரும் குனிந்து கட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில், ஊரில் குழாய் வேலை பார்க்கிற குழாய்க்காரரின் மகளுக்கு விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது.

"சுவரைச் சுரண்டிட்டு இருந்தியா?"

அந்தப் பெண் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவள் எப்போதுமே ஒன்றும் சொல்கிறவள் இல்லை. பரீட்சையில் முப்பதைத் தாண்டாதவள். பெரிய சார் பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை உறை வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சட்டையைக் கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து பிரித்தார். திங்கட்கிழமைத் தாள்கள் முதல் ஐந்தாறு கட்டம் கறுப்பு. பிறகு வெள்ளை. கடைசி கட்டம் வரை வெள்ளை. செவ்வாயும் அப்படித்தான். ஏதோ வெள்ளையடித்த சுவர்களை அடுக்கி வைத்ததுபோல இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'விளையாட்டுத்தனமாகப் போட்டிருக்கிறார்கள். பென்சில் பிடிக்கச் சோம்பல்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உறையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தம்பி முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கிற சாக்கில் பெரிய சார் மேலே போனார். அவர் அந்த வீட்டில் துணி எடுத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. தம்பியின் அறை திறந்தே கிடந்தது. அவன் எப்போதுமே எதையும் மூடி வைக்கத் தெரியாதவன். தாள்களை மேசையிலேயே பரப்பிப் போட்டிருந்தான். பெரிய சார் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை. அந்த அளவுக்கு மானம் இருந்தது. ஆனால் வாசலிலிருந்தே தெரிந்தது. கறுப்பு. இடையிடையே ஒன்றிரண்டு வெள்ளை. மற்றபடி ஒரே கறுப்பு.

கீழே இறங்கி வந்து, தன் தாள்களை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை வாத்தியார் புத்தியோடு பார்த்தார். நாள்வாரியாக அடுக்கி, ஓரம் சேர்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்பது 'அ'வின் புதன்கிழமைக் கட்டு வந்தபோது கை நின்றது.

இருபது வரை வெள்ளை. இருபத்தொன்றிலிருந்து இருபத்தெட்டு வரை எட்டுக் கட்டம், அடர்த்தியான கறுப்பு. அதன்பின் மறுபடி வெள்ளை. முதல் தாளில் அப்படி. இரண்டாவதில் அப்படி. முப்பத்தெட்டில் முப்பத்து நான்கு தாளில் அதே எட்டுக் கட்டம். சில பிள்ளைகள் பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தியிருந்தார்கள். தம்பியின் தாள்களில்கூட இப்படி எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்த இடம் கிடையாது.

பாடக்குறிப்பை எடுத்தார். புதன்கிழமை: முதல் இருபது நிமிடம் வரையறை, படம். அதற்குப்பின் சூத்திரம் வருவிக்கும் முறை. அவருக்கு மூச்சு முழுசாக வந்தது. அந்தச் சூத்திரத்தை அவர் வருவிக்கிற முறை பத்தொன்பது வருடப் பழக்கம்; எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

"ஏ, இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டார். "இதைப் பாரு."

மனைவி காலர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே வந்து பார்த்தார். "என்னங்க இது, மெஷின் தையல் விட்டுவிட்டுப் போட்ட மாதிரி இருக்கு."

"உனக்கு எங்க தெரியப் போகுது. முப்பத்து நாலு பேரு. ஒரே இடம். அவனுக்கு இருக்கா இது?"

"அவனுக்கு இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மனைவி. பெரிய சார் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். "துணி எடுக்கப் போனீங்களே, துணி எங்கே?" என்றும் கேட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியில் மழை வந்தது. வந்த வேகத்தில் பின்பக்கத்துக் குழாய் ஒன்று இணைப்பு விட்டுப்போய் முற்றமெல்லாம் தண்ணீர். குழாய்க்காரரைக் கூப்பிட்டார்கள். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, சேற்றில் மண்டியிட்டு வேலை பார்த்தார். ரம்பத்தால் குழாயை அறுத்து, வெட்டு முனையைக் கத்தியால் சுரண்டி, பசையைத் தடவி, இரண்டு முனையையும் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். பெரிய சார் குடையோடு பக்கத்தில் நின்றார்.

"எம்பொண்ணு உங்க கிளாஸ்லதான் சார்."

"தெரியும். சுமார்தான். கவனம் பத்தாது."

"ஆமாம் சார். ஆனா புதன்கிழமை வந்து ஒரே பேச்சு சார். உருளை, ஆரம், கனம்னு. கணக்கு இப்படி இருக்கும்னு தெரியாதுப்பான்னா. ராத்திரி சோறுகூடத் திங்காம என் குழாய்த் துண்டெல்லாம் எடுத்து வெச்சு அளந்துட்டு இருந்தா."

பெரிய சாருக்குக் குடை லேசாகிவிட்டது. "புதன்கிழமையா?"

"புதன்கிழமைதான் சார். பதினோரு மணி கிளாஸாமே."

அவரை உள்ளே அழைத்து டீ கொடுக்கச் சொன்னார். வேலைக்கு வந்தவர்களை முன்னறையில் உட்கார வைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. குழாய்க்காரர் மெஷின் பக்கத்து முக்காலியில் சேறு படாமல் நுனியில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டில் பெரிய சார் பேசினார். ஒரு வருடத்துக்குப் பிறகு தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"சிரிக்க வெச்சு சொல்லிக் கொடுக்கிறது ஒரு வழி. அது கோமாளிகூடச் செய்வான். அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கிறதுன்னு ஒண்ணு இருக்கு."

"ஆமாண்ணே" என்றார் தம்பி.

"நாளைக்கு நான் கூட்டத்துல ஒண்ணு சொல்லப் போறேன். என் சூத்திரம் வருவிக்கிற முறையை எல்லாக் கிளாஸுக்கும் வெக்கலாம்னு. உனக்கும் உபயோகமா இருக்கும். குறிப்பு வேணும்னா வாங்கிக்க."

மாகாணி நிமிர்ந்தாள். "அப்பா, அந்தப் புதன்கிழமை..."

"என்ன சொன்னேன்?"

"இல்லப்பா, ஒரே ஒரு விஷயம். நீங்க பேசறதுக்கு முன்னாடி..."

"கமிட்டி விஷயம் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? அப்பன் தாளைப் பத்தி அப்பன்கிட்டயே பேசுவியா? வாக்குன்னா வாக்கு. இந்தக் குடும்பத்துல கொடுத்த வார்த்தையை யாரும் முழுங்கினதில்ல."

மாகாணி சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா தட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை போய்விட்டுத் திரும்புவதைப் பெரிய சார் பார்த்தார். இன்னும் இரண்டு கவளம் சோற்றைப் பிசைந்தார். சாப்பிடவில்லை.

"அவ என்னதான் சொல்ல வர்றான்னு கேட்டாத்தான் என்னங்க" என்றார் மனைவி.

"நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நூலகத்தில் கூட்டம். நீள மேசையின் ஒரு பக்கம் தலைமையாசிரியையும் ஐந்து ஆசிரியர்களும். எதிர்ப்பக்கம் கமிட்டிப் பிள்ளைகள் ஒன்பது பேர். ஒரு ஓரத்தில், நாற்காலி பற்றாமல் முக்காலியில், குழாய்க்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். கமிட்டிதான் அவளை வரச் சொல்லியிருந்தது. எதற்கு என்று பெரிய சாருக்கு யாரும் சொல்லவில்லை. தன் பாடத்துக்குச் சாட்சி சொல்ல என்று அவரே நினைத்துக்கொண்டார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. கையில் பாடக்குறிப்பு. மரக் காம்பஸையும் கொண்டுவந்திருந்தார்.

வக்கீல் எழுந்தாள். "எல்லாத் தாளையும் எண்ணிட்டோம். பேர் சொல்றதுக்கு முன்னாடி, சார் டீச்சருங்க யாராவது தங்களோட தாளைப் பத்திப் பேசணும்னா பேசலாம்."

பெரிய சார் எழுந்தார். மாகாணி மேசைக்கடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"என் தாள்ல வெள்ளை நிறைய இருக்கு. மறைக்கல. ஆனா இந்தப் பள்ளிக்கூடத்துல வேற யார் தாள்லயும் இல்லாத ஒண்ணு என் தாள்ல இருக்கு. புதன்கிழமை, இருபத்தோராவது நிமிஷத்துலேர்ந்து இருபத்தெட்டு வரைக்கும். முப்பத்து நாலு பிள்ளைங்க ஒரே இடத்துல புரிஞ்சுதுன்னு சொல்லியிருக்காங்க. அது என்னன்னு இவங்களுக்குத் தெரியணும்." குறிப்பைப் பிரித்துச் சூத்திரம் வருவிக்கும் முறையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார்.

வக்கீல் தலைமையாசிரியையைப் பார்த்தாள். வாதாடத் தெரிந்த அந்தப் பெண் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இதோ என் கிளாஸ் பொண்ணே இருக்கா" என்றார் பெரிய சார். "எழுந்திரும்மா. அந்த எட்டு நிமிஷம் என்ன நடந்துச்சு, பயப்படாம சொல்லு."

குழாய்க்காரர் மகள் எழுந்து நின்றாள். மாகாணியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க இல்ல சார்."

"என்ன?"

"சாக்பீஸ் எடுக்கப் போயிருந்தீங்க சார்."

"அது ஒரு நிமிஷம்."

"எட்டு நிமிஷம் சார். கடிகாரத்தைப் பார்த்துட்டுத்தான் இருந்தோம்."

பெரிய சார் தாளைப் பார்த்தார். இருபத்தொன்று. இருபத்தெட்டு. இரண்டு நாளாக ஆசையாகத் தடவிப் பார்த்த எட்டுக் கட்டம். முப்பத்து நான்கு பிள்ளைகளுக்கும் அவர் வெளியே போன நிமிடத்தில் புரிய ஆரம்பித்து, அவர் உள்ளே வந்த நிமிடத்தில் நின்றுபோயிருந்தது.

அப்போது தம்பி எழுந்தார். "மேடம், அன்னிக்கு அண்ணனை நான்தான் கூப்பிட்டேன். எனக்கு ஒரு இடத்துல சந்தேகம் வந்துச்சு. அண்ணன் வந்து சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க. தப்பு என்மேலதான்."

தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. தூணுக்குப் பின்னால் நின்றதைப் பார்த்திருக்கிறான். மாகாணி தலையைக் குனிந்துகொண்ட விதத்தில், அவளும் பார்த்திருக்கிறாள் என்பது தெரிந்தது. இரண்டு பேரும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், அவர் மேசைமேல் வைத்த கரண்டியை எடுத்துப் பரிமாறிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

தலைமையாசிரியை, "அப்படியா சார்?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். மானம் தப்பிவிடும். அண்ணனிடம் சந்தேகம் கேட்கிற தம்பி, தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிற அண்ணன்; நாலு பேர் மெச்சுகிற குடும்பம். ஆனால் அந்த மானம் தம்பி போட்ட பிச்சையாக இருக்கும். நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறவன் என்கிற பெயர் அவனுக்கு இருக்கிறது. மகளின் சிரிப்பு அவனுக்கு இருக்கிறது. நல்லவன் என்கிற பெயரையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கப் பெரிய சாருக்கு மனசு வரவில்லை.

"இல்ல" என்றார். "அவன் கூப்பிடல. பொய் சொல்றான். இவன் கிளாஸ்ல பிள்ளைங்க சிரிச்சாங்க. என் பொண்ணு சிரிச்சா. பொறுக்கல. எதிர்த் தூணுக்குப் பின்னாடி போய் நின்னு பார்த்துட்டு இருந்தேன். எட்டு நிமிஷம்னு எனக்குத் தெரியாது."

பெரிய சார் நின்றபடியே, குழாய்க்காரர் மகளிடம் திரும்பினார். "சுவரைச் சுரண்டினியான்னு கேட்டேன் இல்ல?"

"ஆமா சார்."

"அது சாக்பீஸ்தானே? பலகையில நின்னு பிள்ளைங்களுக்கு என்ன சொன்ன? அதையாவது சொல்லு."

அவள் சொன்னாள். "பக்கத்துல இருந்தவ, ஆரத்தை ஏன் ரெண்டு தடவை பெருக்கணும்னு கேட்டா சார். எங்கப்பா ஒரு வீட்டுல ரெண்டு இஞ்ச் குழாயை எடுத்துட்டு, ஒரு இஞ்ச் குழாய் ரெண்டு போட்டாரு. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு நினைச்சாரு. தண்ணி பாதிதான் வந்துச்சு. அந்த வீட்டுக்காரம்மா ஏசிட்டாங்க. அப்புறம் நாலு குழாய் போட்டாத்தான் சரியா வந்துச்சு. வட்டம் அகலத்துல மட்டும் பெரிசாகல சார், எல்லாப் பக்கமும் பெரிசாகுது. அதான் ரெண்டு தடவை. பலகையில வரைஞ்சு காட்டினேன். நீங்க வர்ற சத்தம் கேட்டுக் கையாலேயே அழிச்சிட்டேன்."

அதே இடம். எதிர்க் கட்டடத்தில் தன் மகளுக்கு விட்டுப்போன அதே இடம். பத்தொன்பது வருடமாக அவர் ஒரே வரியில் தாண்டிப் போகிற இடம். முப்பது மதிப்பெண்ணைத் தாண்டாத பெண் அதை எட்டு நிமிடத்தில் கட்டிவிட்டாள். பெரிய சாருக்கு அவள்மேலும் பொறாமை வந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேர் மேல்தான் படுவது என்று அலுப்பாகவும் இருந்தது. உட்கார்ந்தார்.

கமிட்டி சின்ன சார் பெயரைச் சொன்னது. தலைமையாசிரியை சரி என்றார். எல்லாக் கணக்கு வகுப்பிலும் எட்டு நிமிடம் வாத்தியார் பேசாமல் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது என்றும் அன்றே முடிவாயிற்று. அதற்குச் சாக்பீஸ் நேரம் என்று பெயர் வைக்கலாம் என்று கமிட்டியில் ஒரு பையன் சொன்னான். வக்கீல் அவன் காலை மிதித்தாள்.

மாலையில் பெரிய சார் தனியாக நடந்து வந்தார். மரக் காம்பஸைத் துணியால் துடைத்து, மாடிப்படியின் மூன்றாவது படியில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. சிறிது நேரத்தில் தம்பி வந்து படியில் நிற்பதும், குனிவதும், மேலே போவதும் காலடிச் சத்தத்தில் தெரிந்தது.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். "எல்லாம் கேள்விப்பட்டேன். குழாய்க்காரர் பொஞ்சாதி சட்டை வாங்க வந்தா." "தூணு பின்னாடி நின்னதை நீங்களே சொன்னீங்களாமே."

"ஆமாம்."

"அதை அவ ரெண்டு தடவை சொன்னா" என்றார். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்தார். ஆனால் ஓட்டவில்லை.

மாகாணி வந்தாள். கையில் கணக்கு நோட்டு, பென்சில், நாற்பது கட்டத் தாள் ஒன்று. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மேல போகலியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"ஏன், அவன்தானே இனிமே உனக்கு வாத்தியார்."

"அது பள்ளிக்கூடத்துல." நோட்டைப் பிரித்தாள். பிரித்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன வருஷம் ஏன் 'ஆ'ன்னு எழுதினேன்னு நீங்க கேக்கவே இல்ல."

"சரி. ஏன்?"

"உங்ககிட்ட தெரியலன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. நான் ஆறாவது படிக்கறப்போ, கணக்கு வாத்தியார் பொண்ணுக்குத் தெரியாதான்னு நீங்க ஒரு தடவை கேட்டீங்க. அதுலேர்ந்து எல்லாம் தெரியும்னே சொல்லிட்டு இருந்தேன்."

அப்படிக் கேட்டது அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் கேட்டிருப்பார். அவர் குரல் எப்படி இருந்திருக்கும் என்பதுகூடத் தெரிந்தது.

"கூம்பு" என்றாள். "உருளையில மூணுல ஒரு பங்குன்னு போட்டிருக்கு. சொல்லிக் கொடுங்க. புரியற வரைக்கும் கறுப்பாக்கிட்டு வருவேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். வழக்கமான வேகத்தில்தான் ஆரம்பித்தார். பென்சில் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கியது. இரண்டாவது. மூன்றாவது. அவர் அடுத்த வரிக்குப் போனார். பென்சில் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் மகள் அவரைப் பார்க்கவில்லை. நின்ற பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் இறுகி இருந்தன.

மேலே தம்பி நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. பெரிய சார் சொல்ல எடுத்த அடுத்த வரியை விழுங்கினார்.

"எங்க விட்டுச்சு?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் அது தம்பியின் கேள்வி என்று உறைத்தது. வார்த்தை, இழுப்பு எல்லாம் அவனுடையது. அது உறைத்தபோது பழைய எரிச்சல் நெஞ்சில் ஒரு சுற்று சுற்றியது. அன்றைக்குத் தூணிலிருந்து திரும்பும்போது கையில் சாக்பீஸ் இல்லாமல் வந்தவர், கொண்டுவந்தது இது ஒன்றைத்தான்.

மாகாணியின் தோள் இறங்கியது.

"இங்கதான்ப்பா" என்று, மூன்றாவது வரியைப் பென்சிலால் தொட்டுக் காட்டினாள்.